நயாகராவில் பனிக்காலம்: குடும்பத்தோடு உள்ளரங்கில் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மார்கழி விடுமுறையில் யார் வந்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும்: "நயாகராவைப் பார்க்காமல் எப்படித் திரும்பிப் போவது? ஆனால் இந்தக் குளிரில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?" தாராளமாகப் போகலாம். கோடையில் போன பயணங்களைவிடப் பனியில் போனவைதான் எங்கள் பிள்ளைகள் மனதில் நிற்கின்றன. திட்டத்தை மட்டும் மாற்ற வேண்டும். கோடையில் நாள் முழுக்க வெளியே நிற்போம், இடையிடையே உள்ளே போவோம். பனிக்காலத்தில் நாள் முழுக்க உள்ளே இருந்து, இடையிடையே பத்து நிமிடம் வெளியே வர வேண்டும். சொந்தக்காரரும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் கனடாப் பக்கத்தைப் பற்றித்தான்.

பனிக்காலத்தில் அருவி உறைந்துவிடுமா? போனால் பார்க்க ஏதாவது இருக்குமா?

முழுதாக உறையாது. கனடாப் பக்கத்துப் பெரிய அருவியான குதிரைலாட அருவி ஏறத்தாழ 57 மீட்டர் உயரம், 670 மீட்டர் அகலம். அவ்வளவு தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்போது உறைய வழியில்லை. உறைவது அதன் சாரல்தான். மரக்கிளை, கம்பி வேலி, விளக்குக் கம்பம் எல்லாவற்றிலும் அது கண்ணாடி போலப் படிந்துவிடும். அமெரிக்க அருவியில் தண்ணீர் குறைவு என்பதால் அதன் முகத்தில் பனிக்கட்டி ஓடு கட்டும். தண்ணீர் அந்த ஓட்டுக்குப் பின்னால் ஓடும். தூரத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு "நயாகரா உறைந்துவிட்டது" என்று வாட்ஸப்பில் அனுப்புவது இதைத்தான்.

அருவி நின்றுபோன நாளும் ஒன்று உண்டு. 1848 மார்ச் மாதக் கடைசியில் ஈரி ஏரியின் பனிக்கட்டிகள் ஆற்றின் தொடக்கத்தை அடைத்துக்கொண்டன. ஒரு நாளுக்கும் மேலாகத் தண்ணீர் வரவில்லை, ஆட்கள் ஆற்றுப் படுகையில் இறங்கி நடந்தார்கள். இப்போது ஏரி ஆற்றில் சேரும் இடத்தில் 1964 முதல் ஒவ்வொரு பனிக்காலமும் மிதவைத் தடுப்பு ஒன்றைப் போடுகிறார்கள். அருவிக்குக் கீழே ஆற்றின் மேல் உருவாகும் பனிப்பாலத்தில் ஒரு காலத்தில் சனம் உலாவப் போகும். 1912 பெப்ரவரி 4 அன்று அது உடைந்து மூன்று பேர் இறந்த பிறகு அதில் இறங்கவே தடை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பனிக்காலத்தில் நாம் பார்ப்பது பாதி அருவி. கனடாவும் அமெரிக்காவும் 1950இல் செய்த உடன்படிக்கைப்படி, சுற்றுலாக் காலத்தின் பகல் வேளையில் விநாடிக்குக் குறைந்தது 2,832 கன மீட்டர் தண்ணீர் அருவியில் விழ வேண்டும். மற்ற நேரங்களில் 1,416 போதும். மீதி மின்சாரம் எடுக்கப் போகிறது. பாதியாக இருந்தும் நேரில் நின்று பார்க்கும்போது குறை தெரியாது.

எவையெல்லாம் மூடியிருக்கும்?

படகுச் சவாரி இல்லை. வேர்ல்பூல் சுழலின் மேல் போகும் கம்பிவடப் பெட்டியும், ஆற்றோரப் பலகை நடைபாதையான வைட் வாட்டர் வாக்கும் மூடிவிடும். உங்கள் ஆசை படகு என்றால் மே மாதத்துக்குப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மற்ற எதற்காகவும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரமும் காசும் உண்டு. எதற்குப் போவது?

பழைய மின் நிலையம். யோசிக்காமல் சொல்வேன்.

அருவிக்குச் சற்று மேலே, ஆற்றங்கரையில் கல்லால் கட்டிய பெரிய மண்டபம் இது. 1905இல் மின்சாரம் தரத் தொடங்கி, ஒரு நூற்றாண்டு ஓடி, 2006இல் நின்றுபோனது. 2021இல் நயாகரா பார்க்ஸ் நிர்வாகம் இதைப் பார்வையிடும் இடமாகத் திறந்தது. உள்ளே போனதும் நீல நிற மின்னாக்கிகள் வரிசையாக, ஆளைவிடப் பெரிதாக நிற்கும். மொத்தம் 11. எங்கள் மூத்தவன் அப்போது மூன்றாம் வகுப்பு. தண்ணீர் எங்கே நுழைந்தது, எதைச் சுற்றியது, எங்கே வெளியேறியது என்று மாதிரி உருவங்களைத் தொட்டுத் தொட்டு விளங்கிக்கொண்டான். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிவது எப்படி என்று அதற்கு முன் நான் வாயால் எத்தனை தரம் விளக்கியும் அவனுக்குப் பிடிபடவில்லை.

அடுத்ததுதான் முக்கியம். கண்ணாடி மின்தூக்கியில் 55 மீட்டர் கீழே இறங்கினால் ஒரு சுரங்கம். சுழலிகளைச் சுற்றிவிட்டு வேலை முடிந்த தண்ணீர் ஆற்றுக்குத் திரும்ப இந்த வழியால்தான் ஓடியது. நீளம் 670 மீட்டர். விளக்கு வெளிச்சத்தில், வெடிமருந்தும் பிக்காசும் மண்வெட்டியும் கொண்டு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் 1900களின் தொடக்கத்தில் வெட்டிய சுரங்கம். செங்கல் வளைவுக்குக் கீழே நடக்கும்போது அந்த ஆட்களின் நினைப்பு வராமல் இருக்காது. மறு முனையில் அருவியின் அடிவாரத்தை ஒட்டி வெளியே வருவீர்கள். பனி அதிகமென்றால் கடைசி மேடையை மூடிவைப்பார்கள். அப்படியானாலும் சுரங்கம் மட்டுமே போதும். வெளியே மைனஸ் 15 இருந்தாலும் சுரங்கத்தில் காற்று வெட்டாது.

இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். போகவர 1.3 கிலோமீட்டர் நடை என்பதால் சின்னவர்களுக்குத் தள்ளுவண்டி நல்லது. சுரங்கத்தைச் சேர்க்காமல் மண்டபத்தை மட்டும் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அருவிக்குப் பின்னால் போகும் குகைவழி பனியில் போக உகந்ததா?

ஜர்னி பிஹைண்ட் த ஃபால்ஸ் என்று இதற்குப் பெயர். அருவி விளிம்பை ஒட்டி இருக்கும் டேபிள் ராக் கட்டடத்துக்குள்ளிருந்து மின்தூக்கி 38 மீட்டர் கீழே கொண்டு போகும். பாறைக்குள் நடந்து போனால் அருவியின் முதுகுப்புறத்தில் இரண்டு வாசல்கள். கோடையில் அங்கே வெள்ளைத் தண்ணீர்ச் சுவர் தெரியும். பனிக்காலத்தில் வாசலைப் பனிக்கட்டி பாதி மூடியிருக்கும், சில நாட்களில் முழுக்க அடைத்துவிடும். கீழே இருக்கும் வெளி மேடையும் பனிக்காலத்தில் மூடியிருக்கும்.

அதனால் "தண்ணீரே தெரியவில்லை" என்று கோபித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. அங்கே பார்ப்பதைவிட அருவியின் சத்தத்தைக் கேட்கத்தான் வேண்டும். சுவரில் கை வைத்தால் அதிர்வது தெரியும். எங்கள் சின்னவள் சுவரில் காதை வைத்து, "அப்பா, உள்ளே ஆரோ பெரிய ஆள் மூச்சு விடுறார்" என்றாள். ஆனால் மின் நிலையச் சுரங்கத்துக்கும் போகிறீர்கள், கையில் காசு அளவாகத்தான் இருக்கிறது என்றால் இதைக் கோடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு எது பிடிக்கும்?

வண்ணத்துப்பூச்சிக் கூடம். அருவியிலிருந்து வடக்கே, காரில் பத்துப் பதினைந்து நிமிடத்தில், தாவரவியல் பூங்காவுக்குள் இருக்கிறது. 1996இல் திறந்தது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே 2,000க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சிகள் தங்கள் பாட்டில் பறந்து திரியும். வெளியே முழங்கால் அளவு பனி. கதவைத் திறந்தால் செம்பருத்தியும் வாழையும் ஈரக் காற்றும். ஊரிலிருந்து வந்த அம்மம்மா ஒருவர் உள்ளே வந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, "இப்பதான் எனக்கு மூச்சு வருது" என்று அங்கேயே ஒரு வாங்கில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் எழும்பவில்லை.

இங்கே சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வெயில் அடிக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். வெளிச்சம் இருந்தால்தான் பூச்சிகள் சுறுசுறுப்பாகப் பறக்கும், மப்பு நாளில் இலைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு இருந்துவிடும். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டால் வந்து உட்கார வாய்ப்பு அதிகம். கூட்டிலிருந்து பூச்சி வெளிவருவதைக் காட்டும் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கிறது, அவசரப்படாமல் அங்கே நில்லுங்கள். ஃபோன் கமராவில் முதல் பத்து நிமிடம் ஆவி படிந்து படம் வராது, துடைத்துக்கொண்டே நிற்காமல் கொஞ்சம் விட்டுவிடுங்கள். வெளியே வரும்போது முதுகில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பறவைக் கூடமான பேர்ட் கிங்டம், அருவிக்குக் கிட்டவே. நூற்றுக்கணக்கான பறவைகள் ஒரு பெரிய மண்டபத்துக்குள் கூண்டில்லாமல் பறக்கின்றன. லாரிகீட் கிளிகளுக்குக் கையால் தேன்பாகு கொடுக்கலாம், பிள்ளைகளை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வருவதுதான் கஷ்டம். அந்தக் கட்டடம் முன்பு ஒரு உள்ளாடைத் தொழிற்சாலை. பிறகு பழைய நயாகரா அருங்காட்சியகம் அங்கே இருந்தது. அந்த அருங்காட்சியகத்தில் எத்தனையோ ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த மம்மி ஒன்று, எகிப்திய மன்னன் முதலாம் ராம்செஸ் ஆக இருக்கலாம் என்று பின்னர் ஆய்வாளர்கள் சொன்னார்கள். 2003இல் அதை எகிப்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் கிளியைவிட இந்தக் கதைதான் பிடிக்கும்.

உள்ளரங்கத் தண்ணீர்ப் பூங்காவில் ஒரு முழு நாளைச் செலவழிக்கலாமா?

இரண்டு நாள் பயணம் என்றால் சரி. ஒரு நாள் பயணம் என்றால் வேண்டாம். சறுக்கில் ஏறிய பிள்ளைகள் மாலை வரை இறங்க மாட்டார்கள், அருவியைப் பார்க்காமலே வீட்டுக்குத் திரும்பி வருவீர்கள்.

அருவிக்குப் பக்கத்தில் இருப்பது ஃபால்ஸ்வியூ உள்ளரங்கப் பூங்கா. 16 சறுக்குகள், அலைக் குளம், சின்னவர்களுக்குத் தனிப் பகுதி. அருகில் உள்ள சில ஹோட்டல்களிலிருந்து வெளியே வராமலே உள்வழியாகப் போகலாம். பனிக்காலத்தில் இது பெரிய நிம்மதி. ஈரத் தலையோடு பிள்ளையை வாகனத் தரிப்பிடம் வரை தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்குத் தெரியும். கிரேட் வுல்ஃப் லாட்ஜ் ஆற்றோரமாகச் சற்றுத் தள்ளி இருக்கிறது. அங்கே அறை எடுத்தால் பூங்கா அதற்குள் அடக்கம்.

பதிவு செய்வதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். தண்ணீரில் இறங்காமல் கரையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிக்கும் டிக்கெட் வேண்டுமா? அறைக்கு எத்தனை அனுமதிச் சீட்டு? நாங்கள் ஒருமுறை இதைக் கேட்காமல் ஆறு பேர் போய் வாசலில் நின்று, நான்கு சீட்டுத்தான் என்று தெரிந்து, மேலதிகமாகக் காசு கட்டினோம்.

கிளிஃப்டன் ஹில் எப்படி?

விளையாட்டு இயந்திரங்கள், மெழுகுச் சிலைகள், 1963 முதல் இருக்கும் ரிப்ளி அருங்காட்சியகம் என்று ஒரு தெரு முழுக்கக் கடைகள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், காசும் தண்ணீராகக் கரையும். ஆளுக்கு இவ்வளவுதான் என்று வாசலிலேயே கொடுத்துவிடுங்கள். இதில் நான் மனதாரச் சொல்வது ஸ்கைவீல் ராட்டினம் ஒன்றைத்தான். உயரம் 53 மீட்டர், பெட்டிகள் மூடியவை, உள்ளே சூடேற்றி இருப்பார்கள். இருட்டிய பிறகு ஏறினால் நிறவிளக்கில் அருவி தெரியும்.

அம்மம்மாவுக்கு அதிகம் நடக்க முடியாது. குளிரும் ஆகாது. என்ன செய்வது?

அவருக்காகவே பயணத்தை அமைக்கலாம், மற்றவர்களுக்கும் குறை வராது. டேபிள் ராக் கட்டடத்தின் வாசலில் அவரை இறக்கிவிட்டு, பிறகு போய்க் காரை நிறுத்துங்கள். உள்ளே இருக்கை, கழிப்பறை, தேநீர் எல்லாம் உண்டு. அருவி விளிம்பு அங்கிருந்து சில அடிகள்தான். கதவைத் திறந்து ஐந்து நிமிடம் பார்க்க வைத்துவிட்டு உள்ளே கூட்டி வந்துவிடலாம்.

அடுத்து ஸ்கைலோன் கோபுரம். 1965இல் திறந்தது, தரையிலிருந்து 158 மீட்டர். மேலே உள்ள சுழலும் உணவகம் ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வரும். நாற்காலியை விட்டு எழும்பாமலே இரண்டு அருவிகளையும் ஆற்றையும் பார்த்துவிடலாம். விலை கூடத்தான். வயதானவர் ஒருவரின் பிறந்தநாளுக்கு என்றால் அந்தக் காசுக்கு மனம் கோணாது. மேகம் தாழ்ந்த நாளில் மட்டும் மேலே போகாதீர்கள், வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது.

அருவி தெரியும் ஹோட்டல் அறையையும் செலவு என்று தள்ளிவிட வேண்டாம். நத்தார், புத்தாண்டு, பெப்ரவரி மூன்றாம் திங்களில் வரும் குடும்ப தினம், மார்ச் பள்ளி விடுமுறை ஆகிய நாட்களை விட்டால் பனிக்கால வார நாட்களில் கோடையைவிட நன்றாக இறங்கிய விலைக்குக் கிடைக்கும். நடக்க முடியாதவருக்கு அந்த ஜன்னலே போதும்.

இருட்டிய பிறகு என்ன செய்யலாம்?

மார்கழியில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். இது நல்லதுதான், பிள்ளைகளைத் தூங்க விடாமல் ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருட்டியதும் அருவிக்கு நிறவிளக்கு போடுவார்கள், ஆண்டு முழுவதும் ஒவ்வொரு இரவும் உண்டு. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை விளக்குத் திருவிழாவும் நடக்கும். எட்டுக் கிலோமீட்டர் வழியில் காரை விட்டு இறங்காமலே பார்க்கலாம். ஹீட்டரைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டுங்கள். சனிக்கிழமை இரவு மட்டும் வேண்டாம், நெரிசலில் பிரேக் விளக்குகளைத்தான் பார்ப்பீர்கள்.

சூதாட்ட விடுதிகளுக்குள் 19 வயதுக்குக் கீழே யாரையும் விடமாட்டார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். "பெரியவர்கள் உள்ளே, பிள்ளைகள் லொபியில்" என்ற யோசனை வேண்டாம்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் கிளிஃப்டன் ஹில் பக்கமும் லண்டிஸ் லேன் பக்கமும் இருக்கின்றன. நாங்கள் மதியத்துக்கு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவோம். புட்டு பனியில் இறுகிவிடும், சரிவராது. மரக்கறி றோல்ஸ், கட்டாச்சம்பலோடு பாண், ஒரு பெரிய ஃபிளாஸ்கில் இஞ்சித் தேநீர், இவை தாங்கும். காருக்குள் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்து அந்தத் தேநீரைக் குடிக்கும் கால் மணி நேரத்தை எங்கள் பிள்ளைகள் எந்த டிக்கெட்டுக்கும் மாற்ற மாட்டார்கள்.

பில்லில் தெரியாத கட்டணம் ஒன்று வருகிறதே?

13 வீத எச்எஸ்டி வரி. அது சட்டப்படி கட்டியே ஆக வேண்டும். அதைத் தவிர, "டெஸ்டினேஷன் மார்க்கெட்டிங்" அல்லது "டூரிசம்" கட்டணம் என்று வேறொரு வரி போல ஒன்று பல ஹோட்டல், உணவகப் பில்களில் இருக்கும். அது அரசாங்க வரி இல்லை. எடுத்துவிடச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள், பல இடங்களில் எடுத்துவிடுவார்கள். வாகனத் தரிப்பிடக் கட்டணத்தையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நயாகரா பார்க்ஸ் இடங்கள் இரண்டு மூன்றுக்குப் போவதென்றால் தனித்தனியாக வாங்காமல் கூட்டு டிக்கெட் எடுங்கள்.

கார் இல்லாமல் போகலாமா?

போகலாம். ரொறன்ரோ யூனியன் நிலையத்திலிருந்து வார இறுதியில் கோ ரயில் நயாகரா வரை வரும். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு இலவசம். அங்கே இறங்கினால் வீகோ பேருந்து அருவிக்கும் மற்ற இடங்களுக்கும் கொண்டுபோகும். காரில் வருபவர்கள் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். புறப்படுவதற்கு முன் ஒன்ராறியோ 511 இல் வீதி நிலவரத்தைப் பாருங்கள். ஏரியிலிருந்து அடிக்கும் பனிமழை, பேர்லிங்டன் மேம்பாலக் காற்று, இரண்டும் விளையாட்டில்லை.

என்ன உடுப்பு?

கழற்றிக் கழற்றிப் போடக்கூடியவை. உள்ளே வெப்பமண்டலம், வெளியே பனி, இரண்டுக்கும் இடையில் நாள் முழுக்கப் போய் வருவீர்கள். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை, மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் நீர் புகாத ஜாக்கெட். அருவிக்கு அருகே சாரல் விழுந்த நடைபாதை கண்ணாடி போல வழுக்கும். வயதானவர்களின் சப்பாத்தில் மாட்டும் பனிப்பிடிகளை மறக்காமல் எடுத்து வையுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டாவது சோடிக் கையுறையும் வேண்டும், முதல் சோடி நனைந்துவிடும்.

அமெரிக்கப் பக்கம் போய் வரலாமா?

அங்கே பென்குயின்களும் கடற்சிங்கங்களும் உள்ள மீன்காட்சியகம் ஒன்று உண்டு, பிள்ளைகளுக்கு நல்ல இடம். ரெயின்போ பாலத்தைக் கடந்தால் ஆயிற்று. ஆனால் கனடாவில் நிரந்தரவாசியாக இருந்து இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். ஊரிலிருந்து வந்த விருந்தினர்களுக்கும் அப்படித்தான். குடும்பத்தில் ஒருவருக்கு விசா இல்லையென்றால் அவரை ஹோட்டலில் தனியே விட்டுவிட்டுப் போவதைவிட, எல்லோருமாகப் பறவைக் கூடத்துக்குப் போங்கள்.

ஒரு நாள்தான் இருக்கிறது. நேர அட்டவணை சொல்ல முடியுமா?

எங்கள் வழக்கம் இது. காலை எட்டுக்குப் புறப்பட்டு, பத்துக்கு மின் நிலையம். பன்னிரண்டரைக்கு டேபிள் ராக், பத்து நிமிடம் அருவி, காருக்குள் சாப்பாடு. வெயில் இருக்கும்போதே ஒன்றரைக்கு வண்ணத்துப்பூச்சிக் கூடம். மூன்றரை மணிக்கு எங்காவது உட்கார்ந்து சூடாக ஏதாவது குடிப்போம், சின்னவள் காரில் ஒரு குட்டித் தூக்கம் போடுவாள். ஐந்தரைக்கு ஸ்கைவீல், அப்புறம் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டி, ஏழு மணிக்கு ரொறன்ரோவுக்குத் திரும்பும் கியூஇடபிள்யூ நெடுஞ்சாலையில் ஏறிவிடுவோம்.